வேலூர்ப் புரட்சியும் ஓர் ஆங்கிலப் பாட்டும்

பள்ளி நாட்களில் நாம் மனனம் செய்த ஆங்கிலப் பாட்டுகளுள் ஒன்று இன்றளவும் நம் நாவில் நிற்கிறது. ஹென்றி நியூபோல்ட் என்னும் கவிஞர் இயற்றிய 'கில்லஸ்பி' என்பது அதன் பெயர். விடியற்பொழுதில் குதிரைமீது ஒருவர் தனியே செல்கிறார். எதிரே தள்ளாடி வரும் ஒருவன் வேலூரில் நிகழ்ந்த கொடுமையைச் சொல்கிறான். அவர் மின்னலெனத் திரும்பி ஆர்க்காட்டுக்குச் சென்று படையை எழுப்பி, எல்லோருக்கும் முன்னே பாய்ந்து வந்து கோட்டையை மீட்கிறார். இதுவே பாட்டின் கதை. குதிரைக் குளம்பொலியைச் செவியிற் கேட்பது போன்ற சந்தம். வகுப்பில் எழுந்து நின்று இதனை ஒப்புவித்தபோது ஆசிரியர் நம்மைத் தட்டிக்கொடுத்தார். வீட்டிலும் ஒப்புவித்தோம். ஆங்கிலம் அறியாத பெரியவர்களும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்தனர்.

அந்தப் பாட்டில் கோட்டை மதிலின்மேல் நின்று கில்லஸ்பியை நோக்கித் துப்பாக்கி நீட்டியவர்கள் யாவர் என்று நாம் அன்று கேட்கவில்லை. அவர்களது குறி தவறியபோது நம் நெஞ்சம் நிம்மதியடைந்தது. அவர்களுள் ஷெய்கு ஆதம் இருந்தார், ஷெய்கு ஹமீது இருந்தார், ஷெய்கு காசிம் இருந்தார் என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்தே நமக்குத் தெரியவந்தது. நம்மவர் வீழ்ந்ததை நாமே கைதட்டிக் கொண்டாடியிருக்கிறோம்! ஒரு கவிதை இத்தகைய காரியத்தையும் செய்யவல்லது என்பதை எண்ணுந்தோறும் வியப்பும் வெட்கமும் ஒருங்கே எழுகின்றன. அப்பாட்டையும், அதற்கு மாறாக நம்மிடையே இதுகாறும் பேசப்பட்டும் எழுதப்பட்டும் வருவனவற்றையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ந்தது என்ன?

முதற்கண் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் எய்திய பின்னர், அவர்தம் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து மைசூர்ச் சீமையினின்றும் வந்த மக்கள் பலர் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறினர். கோட்டையினுள் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த சிப்பாய்கள் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேரும், ஆங்கிலேயரின் 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் ஏறத்தாழ 370 பேரும் இருந்தனர்.

1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிராடக்கின் ஆட்சியில் புதிய உடைவிதிகள் பிறந்தன. இந்துச் சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக் குறி இடலாகாது. முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை மழிக்க வேண்டும். மீசையை ஒரே அளவாக நறுக்க வேண்டும். தோல் பட்டையும் குஞ்சமும் பொருந்திய புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும். இந்தத் தலைப்பாகை வெள்ளையரின் தொப்பியை ஒத்திருந்தது. தோல் எந்த விலங்கினது என்ற ஐயம் இரு சமயத்தாரையும் வாட்டியது. 1806 மே மாதத்தில் வேலூரிலேயே சிப்பாய்கள் இதனை அணிய மறுத்தனர். மறுத்தவர்கள் விசாரிக்கப்பட்டனர். முன்னின்றவர்களாகக் கருதப்பட்ட இருவருக்குக் கசையடியும் வேலைநீக்கமும் தண்டனையாயின. அவ்விருவருள் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் நமக்கு இது பயன்படும்.

1806 ஜூலை 9ஆம் நாள் திப்புவின் புதல்வியர் ஒருவருக்குக் கோட்டையில் திருமணம் நடந்தது. அன்றிரவு கழிந்து 10ஆம் நாள் விடியுமுன்னர் சிப்பாய்கள் எழுந்தனர். உறங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் குடியிருப்பின்மீது குண்டுமாரி பொழிந்தது. கோட்டைத் தலைவர் கர்னல் ஃபான்கோர்ட் உள்ளிட்ட அதிகாரிகள் 14 பேரும், 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்தோர் 115 பேரும் மாண்டனர். கம்பெனிக் கொடி இறங்கியது. திப்புவின் புலிவரிக் கொடி கோட்டையில் ஏறியது. திப்புவின் மூத்த மகன் பத்தே ஹைதர் அரசராக அறிவிக்கப்பட்டார்.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் என்பவர் ஆர்க்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்த கர்னல் ராலோ கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். வெள்ளைச் சிப்பாய்களுள் எஞ்சிய அறுபது பேரளவினர் சார்ஜெண்ட் பிரேடி என்பவரின் தலைமையில் வாயிலுக்கு மேலுள்ள மதிலைப் பற்றி நின்றனர். கில்லஸ்பி கயிறு கொண்டு மதிலேறி அவர்களோடு சேர்ந்தார். பீரங்கிகள் வந்ததும் வாயிற்கதவு தகர்க்கப்பட்டது. முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. எழுச்சியில் ஈடுபட்ட சிப்பாய்களுள் கொல்லப்பட்டோர் 350 பேரளவினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதனினும் மிகுதி என்பாரும் உளர்.

பாட்டின் ஆற்றல்

நியூபோல்ட் (1862–1938) ஆங்கிலப் பேரரசின் புகழ் பாடிய கவிஞர். வேலூர் நிகழ்ச்சி நடந்து நூறாண்டு நிறையும் தறுவாயில் இப்பாட்டு வெளிவந்தது. அவர் ஏகாதிபத்தியக் கவிஞர் என்று ஒரு சொல்லாற் சொல்லி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது திறனாய்வு ஆகாது. அந்தப் பாட்டு பிள்ளைகளின் நெஞ்சைக் கவர்வது எதனால் என்று காண்பதே நம் கடமை.

கதைப்பாடலுக்கு உரிய பழைய யாப்பை அவர் எடுத்துக்கொண்டார். நான்கடிச் சிறு கண்ணிகள். திரும்பத் திரும்ப வரும் சொற்கள். இடையிடையே கேள்வியும் விடையுமாக அமைந்த உரையாடல். தொடங்கிய சொற்களையே முடிவிலும் கொண்டுவந்து நிறுத்தும் கட்டுக்கோப்பு. நம் நாட்டுக் கதைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இவையெல்லாம் அந்நியம் அல்ல. தேசிங்குராசன் கதையில் குதிரை பறக்கும்போது கேட்போர் உள்ளமும் உடன் பறக்கவில்லையா? அதே வித்தையைத்தான் நியூபோல்டும் செய்கிறார். ஒரு சொல்லும் மிகையாக இல்லை. அழகிய வேலைப்பாடு என்பதை மறுக்கவொண்ணாது.

ஆனால் அந்த வேகமே அவருக்குப் பெரியதொரு வசதியையும் செய்து தருகிறது. வேகமாக ஓடுகிறவனுக்கு வழியில் நிற்க நேரமில்லை. ஏன் இந்தச் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்று கேட்கப் பாட்டு நிற்பதில்லை. தலைப்பாகை இல்லை, தாடி இல்லை, நெற்றிக் குறி இல்லை, கசையடி இல்லை, திப்புவின் குடும்பம் இல்லை, கொடி இல்லை. எதிர்நிற்போருள் ஒருவருக்கேனும் பெயர் இல்லை. வேலூர் என்னும் ஊரே வஞ்சக ஊராக, இருளில் குத்தும் பேயின் இருப்பிடமாகக் காட்டப்படுகிறது. காரணம் நீங்கிய செயல் கொடுமையாகவே தோன்றும். பெயர் நீங்கிய மனிதன் பேயாகவே தோன்றுவான்.

எண்ணிக்கையிலும் கவிஞர் கைவைத்திருக்கிறார். பாட்டில் வரும் சார்ஜெண்ட், மாண்ட அதிகாரிகள் நாற்பதின்மர் என்கிறான். வரலாறு சொல்வது 14. பெண்களும் குழந்தைகளும் மடிவதாகப் பாட்டில் வரும் தூதுவன் சொல்கிறான். கோட்டைத் தலைவரின் மனைவியாகிய ஃபான்கோர்ட் சீமாட்டியோ, தம் இரு மக்களோடும் உயிர் பிழைத்தார். அன்று தாம் கண்டவற்றைத் தம் கைப்படவே எழுதியும் வைத்தார். கவிஞருக்குக் கற்பனை உரிமை உண்டு என்பர். உண்டுதான். ஆயின் அந்தக் கற்பனை எப்பக்கம் சாய்கிறது என்பதை நோக்கும் உரிமை வாசகனுக்கும் உண்டு.

தனிமையும் அத்தகைய கற்பனையே. பாட்டில் கில்லஸ்பி தனியே வருகிறார். தனியே மதிலின்கீழ் நடக்கிறார். அவரோடு வந்தோருள் ஆங்கிலேயரின் 19ஆம் குதிரைப்படை மட்டுமன்றிச் சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த இந்தியரும் இருந்தனர். அவர்களுக்குப் பாட்டில் இடமில்லை. எதிர்த்த இந்தியன் பேயாகிறான். உதவிய இந்தியன் மறைந்தே போகிறான்!

சுவரோரம் நின்ற நூறு பேர்

பாட்டு மறைத்தவற்றுள் பெரியது ஒன்றுண்டு. வாயில் தகர்ந்த பின்னர், அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்கள் நூற்றுவருக்கு மேற்பட்டோர் வெளியே கொண்டுவரப்பட்டனர். கில்லஸ்பியின் ஆணைப்படி அவர்கள் ஒரு சுவரோரம் நிறுத்தப்பட்டு, கடைசி மனிதன் சாயும்வரை சுடப்பட்டனர். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. இதனைச் சொல்பவர் நம்மவர் அல்லர். வாயிற்கதவைத் தகர்த்த ஆங்கிலப் பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டன் என்பவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அச்செயல் முறையானதே என்றும் அவர் கருதினார்.

நியூபோல்ட் இதனை எவ்வாறு கையாள்கிறார்? தப்பியோடுவோரைக் குதிரைவீரர் துரத்துவதாகச் சொல்லி, அந்த முடிவைக் கோட்டைக் கற்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பதாக ஒரு குறிப்போடு நிறுத்திக்கொள்கிறார். ஓடுகிறவனைத் துரத்துவது போர். பிடிபட்டவனைச் சுவரோரம் நிறுத்துவது வேறு. முன்னதைப் பாடிப் பின்னதை விழுங்கினார் கவிஞர். கற்கள் நினைவில் வைத்திருக்கின்றன என்பது மெய்யே. ஆனால் எந்தக் கல் எதனை நினைவில் வைத்திருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

கில்லஸ்பியின் பிற்கால வாழ்வையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். 1811இல் ஜாவாப் படையெடுப்பில் அவர் முன்னின்றார். 1812இல் பலெம்பாங் சுல்தானகத்தின்மீதும், அதன்பின் யோக்யகர்த்தா அரண்மனையின்மீதும் நடந்த தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கினார். 1814இல் நேபாளப் போரில் கலுங்காக் கோட்டையைத் தாக்கியபோது வீழ்ந்தார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் அவருக்குச் சிலை உண்டு; பிறந்த ஊராகிய அயர்லாந்தின் காம்பரிலும் உண்டு. வீரத்தில் அவருக்குக் குறைவில்லை. அந்த வீரம் யாருடைய நாட்டில் யாருடைய வாயிலை உடைத்தது என்பதே வினா.

நம் பக்கத்துக் குறை

இதுவரை எழுதியது எளிது. பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுப்பதில் என்ன சிரமம்? இனி நம் பக்கத்தை நோக்குவோம்.

வேலூர் எழுச்சியைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் பலர். மலர்களில் எழுதுவோரும் பலர். நாமும் அவர்களுள் ஒருவராய் இருந்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விழா மேடையில், வேலூர் எழுச்சி முஸ்லிம்களின் எழுச்சி என்றும், முதல் விடுதலைப் போரை நடத்தியவர்கள் நாமே என்றும் முழங்கினோம். கைதட்டல் பலமாக எழுந்தது. கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, அந்தக் கசையடி வாங்கிய இந்துச் சிப்பாயை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சென்றார். அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை.

விடையை அரசாங்கப் பதிவுகளே தருகின்றன. முன்னின்ற அதிகாரிகளுள் முஸ்லிம்கள் பலர் என்பது உண்மை. 23ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த சுபேதார்கள் ஷெய்கு ஆதம், ஷெய்கு ஹமீது, ஜமேதார் ஷெய்கு ஹுசைன். முதலாம் ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்தைச் சேர்ந்த ஜமேதார் ஷெய்கு காசிம் ஆகியோர் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஆயின் இவர்களோடு தோளோடு தோள் நின்றவர்கள் இந்துக்கள். அந்த 23ஆம் ரெஜிமெண்டுப் பட்டாளத்தில், கட்டபொம்மனும் மருதிருவரும் வீழ்ந்தபின் பிழைப்பற்றுப்போன தெற்கத்திப் பாளையங்களின் பழைய வீரர்கள் சேர்ந்திருந்தனர். நெற்றிக் குறிக்காகக் கொதித்தவனும் தாடிக்காகக் கொதித்தவனும் ஒரே அணியில் நின்றார்கள் என்பதுதான் கம்பெனியை நடுங்கச் செய்தது.

அவ்வாறிருக்க, இதனை முஸ்லிம் சதி என்று முதலில் பெயரிட்டவர் யார்? ஆங்கில அதிகாரிகளுள் ஒரு சாரார். உடைவிதிகளைப் பிறப்பித்தவர்மேல் பழி விழாதிருக்க, திப்புவின் மக்கள்மேல் பழியைத் திருப்புவது அவர்களுக்கு வசதியாயிற்று. பக்கீர்கள் படைமுகாம்களில் திரிந்து தூண்டினர் என்றும், மைசூர் அரசை மீட்கும் சூழ்ச்சி என்றும் அறிக்கைகள் பறந்தன. மற்றொரு சாரார் எல்லாவற்றுக்கும் தலைப்பாகையே காரணம் என்றனர். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர். 1807இல் இருவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். இலண்டனிலோ, இந்தியாவுக்குப் பாதிரிமார்களை அனுப்பலாமா கூடாதா என்னும் வாதத்துக்கு வேலூர் ஒரு கருவியாயிற்று. ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய வேலூரை ஆக்கிக்கொண்டனர்.

நாமும் அதனையே செய்கிறோம். அன்று ஆங்கிலேயர் பழியாகச் சொன்னதை இன்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல் ஒன்றே, தொனி மட்டும் மாறியிருக்கிறது. இந்துச் சிப்பாயை நம் வரலாற்றினின்று நீக்கினால், முஸ்லிம் சிப்பாயைத் தம் வரலாற்றினின்று நீக்குவோரை எந்த வாயால் கண்டிப்பது?

'முதல்' என்னும் சொல்லும் நம்மை வழிதவறச் செய்கிறது. 1857ஐ முதல் விடுதலைப் போர் என்று சொன்னவர்களுக்கு மறுமொழியாக 1806ஐச் சொன்னோம். உடனே 1801ஆம் ஆண்டின் மருதிருவரின் பிரகடனத்தையும், 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனையும் மற்றவர் எடுத்துக்காட்டுவர். இந்தப் பந்தயத்துக்கு முடிவே இல்லை. வேலூரின் சிறப்பு வரிசை எண்ணில் இல்லை. கம்பெனியின் உப்பைத் தின்ற படையே, கம்பெனிக்காகத் திப்புவை வீழ்த்திய சென்னைப் படையின் ஒரு பகுதியே, ஏழாண்டுகளுக்குள் அந்தத் திப்புவின் கொடியை ஏற்றியது என்பதில் இருக்கிறது. அவர்கள் நெஞ்சில் அந்த ஏழாண்டுகளில் என்ன நிகழ்ந்தது? எந்த வயதான சிப்பாய் எந்த இரவில் தன் கையைத் தானே வெறுத்தான்? இலக்கியம் புகவேண்டிய இடம் இதுவே. நம் எழுத்துகள் இங்கே வந்ததும் கடந்துபோய்விடுகின்றன.

சொல்லாமல் விட்டவை

பாட்டு மறைத்ததை வெளிப்படுத்திய நாம், நம்மவர் மறைப்பதையும் வெளிப்படுத்தவேண்டும். அன்று அதிகாலை மருத்துவமனையில் நோயுற்றுப் படுத்திருந்த வெள்ளைச் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். போரிலும் முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் தொடலாகாது, எதிர்க்க இயலாதவனைக் கொல்லலாகாது என்று வரம்பு கட்டிய மார்க்கம் நம்முடையது. ஒரு கூட்டத்தார்மேல் கொண்ட பகை, நீதியினின்றும் நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். சுவரோரம் சுடப்பட்ட நூறு பேருக்காக வருந்துகிற நாம், படுக்கையில் சுடப்பட்ட நோயாளியைக் கண்டும் காணாததுபோல் எழுதினால், நியூபோல்டுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவரிடம் சந்தமாவது உண்டு!

தோல்விக்கான காரணத்தையும் நாம் மழுப்புகிறோம். கோட்டை கையில் வந்தபின் சிப்பாய்கள் பலர் கொள்ளையில் இறங்கினர். வெளிவாயில்கள் சரிவர அடைக்கப்படவில்லை. மதிலின் ஒரு மூலையில் அறுபது பேர் எஞ்சி நிற்பதை முறியடிக்க ஒழுங்கான முயற்சி நடக்கவில்லை. அரசராக அறிவிக்கப்பட்ட இளவரசர் வெளிவந்து தலைமை ஏற்கவும் இல்லை. பெரும் அகழி சூழ்ந்த, தென்னாட்டின் வலிய கோட்டைகளுள் ஒன்று, சில மணி நேரத்தில் கைமாறியது. இவற்றைச் சொன்னால் தியாகிகளின் பெருமை குறையும் என்று அஞ்சுவோர் உளர். குறையாது. தலைவன் இன்றி, திட்டம் முற்றாது, மரணம் உறுதி என்று தெரிந்தும் நின்றவர்களின் துயரம் அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்கும்.

முஸ்தபா பேக் என்னும் சிப்பாயையும் நம் கட்டுரைகள் தவிர்த்துவிடுகின்றன. எழுச்சிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அவர் ஆங்கில அதிகாரியிடம் சென்று செய்தியைச் சொல்லிவிட்டார். அதிகாரிகள் அதனை இந்திய அதிகாரிகளிடமே விசாரிக்கவிட, அவர்கள் இவரைப் பைத்தியக்காரர் என்று சொல்லிக் காவலில் வைக்கச் செய்தனர். எழுச்சி அடங்கியபின் கம்பெனி அவருக்குப் பொன்னும் ஓய்வூதியமும் அளித்தது. ஷெய்கு காசிமும் முஸ்லிம். முஸ்தபா பேக்கும் முஸ்லிம். ஒரே தொழுகை வரிசையில் அருகருகே நின்றிருக்கக்கூடிய இருவர்! ஒருவர் நெஞ்சில் அச்சமா, நன்றியா, பேராசையா? மற்றவர் நெஞ்சில் மானமா, பழியுணர்வா, பழைய சுல்தான்மேல் அன்பா? ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய கரு வேறென்ன வேண்டும்? நாமோ ஒருவரைத் தியாகிகள் பட்டியலில் சேர்த்துவிட்டு, மற்றவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிட்டு உறங்கப் போகிறோம்.

பெயரும் பொருளும்

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'வேலூர்ச் சிப்பாய்க் கலகம்' என்பது நெடுங்காலம் நம் பாடநூல்களில் வழங்கிய தொடர். கலகம் என்றால் ஒழுங்கைக் குலைப்பது. அந்த ஒழுங்கு யாருடையது என்ற கேள்வி அச்சொல்லுக்குள் அமுங்கிவிடுகிறது. 1857ஆம் ஆண்டின் எழுச்சியை வடநாட்டார் உருதுவில் 'கத்ர்' என்றனர். நம்பிக்கைத் துரோகம் என்பது அதன் பொருள். ஆயினும் 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கூடிய இந்தியப் புரட்சியாளர்கள், தம் ஏட்டுக்கு அந்தச் சொல்லையே பெயராகச் சூட்டினர். இழித்துரைத்த சொல்லை எடுத்து நெற்றியில் அணிந்துகொண்ட துணிவு அது. ஆகவே கலகத்தைப் புரட்சி என்று மாற்றி எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது பேதைமை. சொல்லுக்கு உள்ளே மனிதர்களை வைத்தால்தான் சொல் மாறும்.

மரணதண்டனைப் பட்டியலைப் பாருங்கள். விசாரணைக்குப் பின்னர் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடுகடத்தப்பட்டனர். மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். புதிய தலைப்பாகை விதி கைவிடப்பட்டது. இவை எண்கள். எண்கள் நினைவில் நிற்பதில்லை. நாம் சிறுவயதில் படித்த வரலாற்றுப் பாடத்தின் எண்கள் மறந்துவிட்டன. நியூபோல்டின் சந்தம் மறக்கவில்லை. கலையின் வெற்றி அது. நம்முடைய தோல்வியும் அதுவே.

தமிழுக்கு இத்தகைய பாட்டு தெரியாததா? கம்பெனிக்காக உழைத்து, பின்னர் எதிர்த்து நின்று, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானைப் பற்றிக் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் உண்டு. கட்டபொம்மனுக்குக் கதைப்பாடல் உண்டு. மருதிருவரைப் பாடிய அம்மானையும் கும்மியும் உண்டு. பாடியவர்கள் பெரும்புலவர்கள் அல்லர், ஊர்ப் பாவலர்கள். வேலூருக்கு அவ்வாறு நாடறிந்த கதைப்பாடல் வாய்க்கவில்லை. அங்கே வீழ்ந்தவர்கள் பாளையத்துக்கு உரியவர்கள் அல்லர். மாதச் சம்பளச் சிப்பாய்கள். பாடிப் பரிசு பெற அரண்மனை இல்லை. சேர்த்துவைத்துப் பாட ஊரும் இல்லை, ஏனெனில் அவர்கள் பல ஊரார். இறந்தோரைச் சுற்றி அழுதிருக்கவேண்டிய பெண்களும் தஞ்சையிலும் நெல்லையிலும் ஆர்க்காட்டிலும் சிதறிக் கிடந்தனர்.

2006ஆம் ஆண்டு இருநூறாம் ஆண்டு நிறைவின்போது அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. வேலூரில் நினைவுத்தூணும் நிற்கிறது. ஆராய்ச்சி நூல்களும் வந்துள்ளன. இவற்றைப் போற்றுகிறோம். எனினும் ஒரு பிள்ளை எழுந்து நின்று ஒப்புவிக்கத்தக்க பாட்டு ஒன்று இன்னும் வரவில்லை. பாட்டுக்குப் பாட்டுத்தான் மறுமொழி. பட்டியல் மறுமொழி ஆகாது.

அவ்வாறு எழுத முன்வருவோருக்கு ஒரு விண்ணப்பம். வேலூருக்குச் செல்லுங்கள். ஒரே கோட்டைக்குள் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நிற்பதைக் காணுங்கள். பாட்டில் குதிரைகள் பாய்ந்த வாயிலின் வழியே மெதுவாக நடந்து செல்லுங்கள். ஊரில் திப்புவின் குடும்பத்தார் அடங்கியுள்ள கபரஸ்தானில், ஹைதர் அலியின் துணைவியார் பக்ஷி பேகமும் திப்புவின் துணைவியார் பாதுஷா பேகமும் துயிலும் இடத்தில், ஒரு பாத்திஹா ஓதுங்கள். கோட்டை அருகிலுள்ள வெள்ளையர் கல்லறையில் 69ஆம் ரெஜிமெண்டுச் சிப்பாய்களின் நினைவுக்கல்லையும் காணாமல் வரவேண்டாம். அவர்களும் தாய் பெற்ற மக்களே. அரசகுலத்தாருக்குக் கல் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்க்கும் கல் இருக்கிறது. சுவரோரம் நின்ற அந்த நூறு பேருக்குத் தனித்தனிப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. அவர்களுள் இந்து யார், முஸ்லிம் யார் என்று இனிப் பிரித்து எண்ண எவராலும் இயலாது.

அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு நாம் கண்ட விடையும் அதுவே. சுட்டவர்கள் அவர்களைப் பிரித்துச் சுடவில்லை. நாம் மட்டும் ஏன் பிரித்து எழுதவேண்டும்? இதனை உணர்ந்து எழுதும் கவிஞன் எவனாயினும், அவன் பாட்டை மனனம் செய்ய நம் பேரப்பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நியூபோல்டைப் படித்தால் தடுக்க வேண்டாம். படித்து முடித்ததும் அருகில் அமர்த்தி, மதிலின்மேல் நின்றவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுப்போம்.